காலண்டரில் எழுதிய ரப்பர் விலையிலிருந்து தொடங்குவோம்

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஓர் எண் இருக்கும். அன்றைய ரப்பர் விலை. காலையில் பால்வெட்டு முடிந்து வந்ததும் அப்பா பேப்பரைப் பார்த்து எழுதிவிடுவார். மாதம் முடிந்தாலும் தாளைக் கிழித்துப் போட விடமாட்டார்; சுருட்டிப் பரணில் வைப்பார். பங்குச் சந்தைக் கணக்குகளைப் படிக்கத் தொடங்கி, 'காலத்தொடர்' என்ற சொல்லைப் பார்த்து மிரண்டிருந்த நாட்களில் எனக்கு அதைப் புரியவைத்தது அந்தப் பரண்தான். ஒரே பொருளை ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப அளந்து, வரிசை மாறாமல் எழுதிவைத்தால் அது காலத்தொடர். பேச்சிப்பாறை அணையின் தினசரி நீர்மட்டம் ஒரு காலத்தொடர். தோவாளைச் சந்தையின் பிச்சிப்பூ விலை இன்னொன்று.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு நேராக நிஃப்டி ஆப்ஷனில் (பங்குக் குறியீடு ஏறுமா இறங்குமா என்பதை வைத்து வாங்கி விற்கும் ஒப்பந்தம்) குதிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். திரையில் ஓடும் கோடுகள் எந்தச் சார்பிலிருந்து, அதாவது எந்தக் கணக்கு விதியிலிருந்து, வருகின்றன என்று கேட்டால் தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ரப்பர் விலையில் பழகுங்கள் என்பது என் யோசனை. இந்த விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதில் பாதியை நம் தோட்டத்திலேயே கண்ணால் பார்க்கலாம். காரணம் தெரிந்த தொடரில் கணக்கைப் பழகினால்தான், கணக்கு எங்கே உண்மை சொல்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று பிடிபடும்.

தேவையானவை: எக்ஸெல் ஓடும் ஒரு கணினி, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கொஞ்சம் ஞாபகம், ஒரு நோட்டு.

விலையைச் சேர்ப்பது

கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்பர் வாரியம், சந்தை நடக்கும் நாட்களில் விலையைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஆர்.எஸ்.எஸ். 4, ஆர்.எஸ்.எஸ். 5 (இவை புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டின் தரங்கள்), ரப்பர் பால் என்று தனித்தனியாக இருக்கும். கோட்டயம் சந்தையின் ஆர்.எஸ்.எஸ். 4 விலையை மட்டும் எடுங்கள். குறைந்தது ஒரு வருடத்துக்கு வேண்டும். முதல் நெடுவரிசையில் தேதி, இரண்டாவதில் விலை.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஊர்க் கடை விலையையும் வாரிய விலையையும் ஒரே தொடரில் கலக்காதீர்கள். கடையில் வாரிய விலையைவிடச் சில ரூபாய் குறைத்துத்தான் எடுப்பார்கள். பாதி நாள் அது, பாதி நாள் இது என்று எழுதினால் விலை நகராத நாளிலும் நகர்ந்ததாகக் கணக்கு காட்டும். அடுத்தது, விடுமுறை நாள். ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே பூஜ்யம் போடாதீர்கள், அந்த வரியையே விட்டுவிடுங்கள். சனிக்கிழமை விலையை ஞாயிறுக்கும் எழுதினாலும் தப்புதான். விலை அசையாத ஒரு நாளை நீங்களாகவே உண்டாக்கிவிடுகிறீர்கள். பின்னால் ஏற்ற இறக்கத்தை அளக்கும்போது சந்தை உண்மையில் இருப்பதைவிட அமைதியாகத் தெரியும்.

பழகுவதற்கு நானே வைத்துக்கொண்ட பத்து நாள் விலைகளைத் தருகிறேன். இவை சந்தை விலைகள் அல்ல, கணக்குக்காக எழுதியவை. உட்கார்ந்து கையால் போட்டுப் பாருங்கள்.

200, 202, 201, 204, 206, 205, 209, 208, 210, 207

மடக்கை: முதல் சார்பு, முக்கியமான சார்பு

2011இல் கிலோ 240 ரூபாயைத் தாண்டிய ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. மரத்தை வெட்டிவிட்டு வேறு ஏதாவது நடலாமா என்று எங்கள் பக்கத்தில் பேசிக்கொண்ட காலம் அது. பிறகு 2024 ஆகஸ்டில் மறுபடியும் 240ஐத் தாண்டியது. இந்தப் பயணத்தைச் சதவீதத்தில் எழுதினால் ஒரு சிக்கல் வருகிறது. 240இலிருந்து 100க்கு இறங்கினால் 58 சதவீத இறக்கம். அதே 100இலிருந்து 240க்கு ஏறினால் 140 சதவீத ஏற்றம். போன தூரமும் வந்த தூரமும் ஒன்றுதான், ஆனால் எண்கள் ஒத்துப்போகவில்லை. சதவீதங்களைக் கூட்டினால் 82 சதவீத லாபம் என்று வரும். கையில் இருப்பதோ பழைய 240தான்.

இதைத் தீர்ப்பது மடக்கை. இன்றைய விலையை நேற்றைய விலையால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுங்கள். எக்ஸெலில் 'எல்.என்' (LN) என்ற சார்பு. 240இலிருந்து 100க்கு இறங்கும்போது மைனஸ் 0.875, திரும்ப ஏறும்போது பிளஸ் 0.875, கூட்டினால் பூஜ்யம். வகுத்தலைக் கழித்தலாகவும் பெருக்கலைக் கூட்டலாகவும் மாற்றித்தருவதுதான் மடக்கையின் வேலை. விலை பெருக்கலில் நகரும் பொருள் என்பதால் இது அதற்குப் பொருந்துகிறது.

நம் பத்து நாள் தொடருக்கு மூன்றாவது நெடுவரிசையில் இதைப் போடுங்கள். இரண்டாம் நாள் 0.00995, மூன்றாம் நாள் மைனஸ் 0.00496, இப்படி ஒன்பது எண்கள் கிடைக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் 0.0344. இப்போது 207ஐ 200ஆல் வகுத்து நேரடியாக மடக்கை எடுத்துப் பாருங்கள், அதே 0.0344. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் இடையில் எங்கோ ஒரு வரி தவறியிருக்கிறது. நான் இன்றைக்கும் எந்தத் தொடரை எடுத்தாலும் இந்தக் கூட்டலைத்தான் முதலில் சரிபார்க்கிறேன்.

இனி இந்த மூன்றாவது நெடுவரிசையை 'நாள் மாற்றம்' என்று சொல்வோம்.

நகரும் சராசரி

தினசரி விலையில் குலுக்கல் அதிகம். அதை நிரவிப் பார்க்கக் கடைசி ஐந்து நாளின் சராசரியை எடுக்கிறோம். ஒவ்வொரு நாளும் புதியது ஒன்று உள்ளே வரும், பழையது ஒன்று வெளியே போகும். நம் தொடரில் ஒன்பதாம் நாள் சராசரி 207.6. பத்தாம் நாள் சராசரி 207.8.

கொஞ்சம் நில்லுங்கள். பத்தாம் நாள் விலை 210இலிருந்து 207க்கு இறங்கியது, மூன்று ரூபாய் இறக்கம். சராசரியோ ஏறியிருக்கிறது. ஏன்? உள்ளே வந்தது 207, வெளியே போனது ஐந்து நாளுக்கு முந்தைய 206. வந்தது போனதைவிடப் பெரிது, அதனால் ஏறிவிட்டது. ஆக, சராசரிக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை இன்றைய விலை மட்டும் முடிவு செய்வதில்லை, இன்று வெளியேறும் ஐந்து நாளுக்கு முந்தைய விலையும் முடிவு செய்கிறது. திரையில் கோடு மேலே வளைந்ததும் வாங்கு என்று ஓடுகிறவர்கள் பல நேரம் ஒரு பழைய விலை வெளியே போனதற்காக ஓடுகிறார்கள்.

இதைக் குறைக்க அடுக்குக்குறிச் சராசரி இருக்கிறது; திரையில் இ.எம்.ஏ. என்று வருவது இதுதான். இதில் பழைய விலை ஒரே நாளில் தூக்கி வெளியே எறியப்படுவதில்லை, நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போகும். நேற்றைய சராசரியை எடுங்கள். இன்றைய விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை அதோடு சேருங்கள். அவ்வளவுதான். ஐந்து நாளுக்கு அந்தப் பங்கு மூன்றில் ஒன்று: இரண்டை, நாட்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுக்கவேண்டும். 200இல் தொடங்கிப் போட்டுக்கொண்டு வந்தால் ஒன்பதாம் நாள் 207.58, பத்தாம் நாள் 207.38. விலை இறங்கியது, இதுவும் இறங்கியது.

எது நல்லது என்று கேட்பீர்கள். அடுக்குக்குறி வேகமாகத் திரும்பும், அதனாலேயே பொய் எச்சரிக்கையும் அதிகம் தரும். எந்தச் சராசரியும் விலைக்குப் பின்னால்தான் வரும். ஐந்து நாள் சாதாரணச் சராசரி இரண்டு நாள் பின்தங்கும், இருபது நாளுக்கானது ஒன்பதரை நாள். அந்தத் தாமதத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளவேண்டும்.

நாளையைப் பார்க்கும் சார்பு

அந்தத் தாமதம் பிடிக்காமல் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். சராசரியை நடுவில் நிறுத்தினேன்: முன்னே இரண்டு நாள், பின்னே இரண்டு நாள், நடுவில் இன்று. படத்தில் போட்டால் கோடு விலையோடு அழகாக ஒட்டிப் போனது. அந்தக் கோடு திரும்பும் இடத்தில் விற்றால் என்ன ஆகும் என்று பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய ஒவ்வொரு உச்சியிலும் விற்றிருப்பேன். இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அப்பாவிடம், "இப்போ விக்க வேண்டாம், இன்னும் ஏறும்" என்றேன். படித்த பிள்ளை சொல்கிறதே என்று அவரும் ஷீட்டை வைத்துவிட்டார்.

அது ஜூன் மாதம். மழை விடாமல் பெய்தது. மூன்று வாரம் கழித்து ஷீட்டைக் கட்டிக்கொண்டு போனோம். கடைக்கார அண்ணன் ஒன்றை உருவி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "மக்கா, இது பூத்துப்போச்சே. நாலாம் தரத்து விலை போட முடியாது." இதற்குள் விலையும் இறங்கியிருந்தது, பூஞ்சை பிடித்துத் தரமும் இறங்கிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அன்று இரவு சூத்திரத்தை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இன்றைய வரியில் இருக்கும் சராசரிக்குள் நாளைய விலையும் நாளை மறுநாள் விலையும் உட்கார்ந்திருந்தன. பழைய தொடரில் அவை இருக்கும். நிஜத்தில் இன்று மாலை அவை இருக்காது.

அதனால் எந்தச் சூத்திரம் எழுதினாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பத்தாம் நாள் வரியில் நின்றுகொண்டு, பதினோராம் நாளிலிருந்து கீழே இருக்கும் எல்லா விலைகளையும் அழியுங்கள். பத்தாம் நாள் வரியில் இருக்கும் எந்த எண்ணாவது மாறினால், அந்தச் சூத்திரம் நாளையைப் பார்க்கிறது. இது ஒரு நிமிட வேலை. பருவத்துக்கேற்ற சராசரி, மொத்த வருடத்தின் திட்டவிலக்கம் (எண்கள் தங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு), வருடத்தின் அதிகபட்ச விலை, எல்லாவற்றிலும் இந்தத் தவறு ஒளிந்திருக்கும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைக்கவேண்டும் என்றால் இதை வையுங்கள்.

திட்டவிலக்கமும் வர்க்கமூலமும்

விலை ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகக்கூடும்? நாள் மாற்ற நெடுவரிசையின் திட்டவிலக்கத்தை எடுங்கள், எக்ஸெலில் 'ஸ்டிடெவ்' (STDEV). விலை நெடுவரிசையில் எடுக்காதீர்கள். அது மெதுவான ஏற்றத்தையும் குலுக்கலாகக் கணக்கிட்டுவிடும். நம் ஒன்பது மாற்றங்களுக்கு 0.0113 வரும். நாளுக்கு 1.13 சதவீதம்.

ஒன்பது நாள் ஷீட்டை வைத்திருந்தால்? ஒன்பதால் பெருக்கக்கூடாது. ஒரு நாள் ஏற்றம் இன்னொரு நாள் இறக்கத்தைத் தின்றுவிடும் என்பதால் வர்க்கமூலத்தால்தான் பெருக்கவேண்டும். ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று, ஆக 3.4 சதவீதம். 207 ரூபாய் விலையில் கிலோவுக்கு ஏறக்குறைய 7 ரூபாய், மேலேயோ கீழேயோ. நூறு கிலோ ஷீட் வைத்திருக்கும் ஒருவர் இந்த ஒன்பது நாளில் 700 ரூபாயைப் பணயம் வைக்கிறார் என்று இப்போது தெளிவாகச் சொல்லமுடியும். விலை இதற்கு வெளியே போகவே போகாது என்று பொருள் கொள்ளாதீர்கள். மூன்றில் ஒரு தடவையாவது வெளியே போகும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இருபது நாள் சராசரிக்கு மேலும் கீழும் இரண்டு திட்டவிலக்கம் தள்ளிக் கோடு போட்டால் அதுதான் திரையில் வரும் போலிங்கர் பட்டை. 1980களில் ஜான் போலிங்கர் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது நீங்கள் இப்போது கற்ற இரண்டு சார்புகள் மட்டும்தான். ஒரு வித்தியாசம், அங்கே திட்டவிலக்கம் விலையில் எடுக்கப்படுகிறது.

தோவாளைப் பூ விலைக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். ஓணத்துக்கும் ஆவணி முகூர்த்தத்துக்கும் அங்கே விலை பலமடங்கு எகிறும், மறுநாள் கீழே வரும். தேதி முன்பே தெரிந்த தாவல் அது. அந்த ஒரு நாள் திட்டவிலக்கத்தை ஊதிப் பெருக்கிவிடும். அப்படிப்பட்ட தொடரில் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) எடுங்கள், முகூர்த்த நாட்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள்.

நேற்று இன்றைக்கு ஏதாவது சொல்கிறதா?

நாள் மாற்ற நெடுவரிசையை நகலெடுத்து, ஒரு வரி கீழே தள்ளிப் பக்கத்தில் ஒட்டுங்கள். இப்போது ஒவ்வொரு வரியிலும் இன்றைய மாற்றமும் நேற்றைய மாற்றமும் அருகருகே நிற்கும். இரண்டுக்கும் 'கோரல்' (CORREL) போட்டு ஒட்டுறவு எடுங்கள். இரண்டு வரிசைகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதை மைனஸ் 1க்கும் பிளஸ் 1க்கும் இடையே சொல்லும் எண் அது. பிளஸ் என்றால் ஏறினால் ஏறிக்கொண்டே போகும் குணம். மைனஸ் என்றால் ஏறினால் மறுநாள் இறங்கும் குணம்.

நம் தொடரில் மைனஸ் 0.68 வரும். புதிதாகப் பார்ப்பவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருக்கும்: இன்று ஏறினால் இன்றே விற்றுவிடு, இறங்கினால் இன்றே வாங்கு! பொறுங்கள். இருப்பது எட்டே ஜோடி. வெறும் தற்செயலால் வரக்கூடிய எல்லையைத் தோராயமாகக் கணக்கிட, இரண்டை ஜோடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கவேண்டும். எட்டு ஜோடிக்கு 0.71. நம்முடைய 0.68 அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒன்றும் நிரூபணமாகவில்லை. 250 ஜோடி இருந்தால் எல்லை 0.13 ஆகச் சுருங்கும். அப்போது அதைத் தாண்டி வந்தால் யோசிக்கலாம்.

இரண்டு பொருள்களின் விலைகளை நேரடியாக ஒட்டுறவு பார்ப்பதையும் தவிருங்கள். மெதுவாக ஏறும் எந்த இரண்டு தொடரும் ஒன்றோடொன்று ஒட்டியது போலத் தெரியும்; வளரும் பிள்ளையின் உயரமும் தங்கத்தின் விலையும்கூட. 1926இல் யூல் என்ற புள்ளியியலாளர் இதைக் காட்டினார். இங்கிலாந்தில் இறப்பு விகிதத்துக்கும், மொத்தத் திருமணங்களில் சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் நடந்தவற்றின் பங்குக்கும் ஒட்டுறவு 0.95 வந்தது. கோட்டயம் விலையையும் பாங்காக் விலையையும் ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் இரண்டின் நாள் மாற்றங்களை ஒப்பிடுங்கள். பாங்காக் நேற்று, கோட்டயம் இன்று என்று ஒரு நாள் தள்ளியும் பாருங்கள்.

பருவம்

மார்கழி, தை கழிந்து ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்விடும் வாரங்களில் பால் குறையும், வெட்டை நிறுத்துவோம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில், வெட்டுப் பட்டையில் நீர் இறங்காமல் தடுக்கும் நெகிழிப் பாவாடை கட்டாத மரத்தை வெட்ட முடியாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் இப்படிப்பட்ட அலைகளுக்கு சைன், கோசைன் சார்புகளைப் பொருத்தலாம் என்று புத்தகங்கள் சொல்லும். பால் அளவுக்கு அது ஓரளவு பொருந்தும். விலைக்கு அவ்வளவு பொருந்தாது. உள்ளூரில் பால் குறைந்தாலும் இறக்குமதியும் உலகச் சந்தையும் விலையை வேறு பக்கம் இழுக்கும். புதியவர்கள் சைனை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் நாள் மாற்றங்களின் கூட்டுத்தொகையைப் பல வருடங்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மார்ச் மாதம் பத்து வருடத்தில் எத்தனை தடவை ஏறியது என்று எண்ணுங்கள். அது போதும்.

பொய்த் தொடர் ஒன்று செய்து பாருங்கள்

புதிய தாளில் 'ராண்ட்' (RAND) சார்பை 300 வரிக்கு இழுங்கள், ஒவ்வொன்றிலும் 0.5 கழியுங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டது போன்ற எண்கள், ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லை. இப்போது அதன் பத்து நாள் நகரும் சராசரியைப் படமாகப் போடுங்கள். கொல்லங்கோடு கடற்கரை அலை போல ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும். எங்கிருந்து வந்தது அந்த அலை? சராசரிதான் உண்டாக்கியது. அடுத்தடுத்த இரண்டு சராசரிகளில் ஒன்பது எண்கள் பொது, அதனால் அவை ஒன்றையொன்று ஒட்டித்தான் நகரும். ரஷ்யப் பொருளியலாளர் ஸ்லட்ஸ்கி 1927லேயே இதை எழுதிக் காட்டிவிட்டார்.

உங்கள் உத்தி எதுவானாலும் இந்தப் பொய்த் தொடரில் ஓட்டுங்கள். எண்களை ஒன்றன்மேல் ஒன்று கூட்டிக்கொண்டு போனால் விலைப்படம் போலவே இருக்கும். எஃப் 9 விசையை அழுத்தும்போதெல்லாம் புதிய தொடர் வரும். இருபது தடவை அழுத்துங்கள். உண்மையான ரப்பர் விலையில் கிடைத்த அளவு லாபம் இதிலும் அடிக்கடி கிடைத்தால், உங்கள் உத்திக்கும் ரப்பருக்கும் சம்பந்தமில்லை.

பணம் போடும் முன்

பழைய விலைகளில் சோதிக்கும்போது இன்றைய விலையைப் பார்த்து எடுத்த முடிவை நாளைய விலையில் நிறைவேற்றுங்கள். ஷீட் என்றால் கடை கழிவு, வண்டிக் கூலி, மழைக்காலத்தில் தரம் இறங்கும் நட்டம். பங்கு என்றால் தரகு, வரி. இவற்றைக் கழித்த பிறகு மீதி என்ன என்று பாருங்கள். முதல் மூன்றில் இரண்டு பங்கு நாட்களில் உத்தியைச் செதுக்குங்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருந்து ஒரே ஒரு தடவை மட்டும் ஓட்டுங்கள். பிடிக்கவில்லை என்று திரும்பப் போய் எண்ணை மாற்றினால் அந்தப் பங்கும் செல்லாக்காசு ஆகிவிடும்.

2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருக்கிறார்கள். ஆளுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். நம் ஊரில் ஒரு குடும்பம் ரப்பர் வெட்டி மிச்சம் பிடிக்க எத்தனை வருடமாகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் முதல் ஆறு மாதம் பணம் வேண்டாம், நோட்டுப் போதும்.

அந்த நோட்டில் தினமும் இரவு மூன்று எண்கள் எழுதுங்கள்: இன்றைய விலை, நாளை இருக்கும் என்று உங்கள் கணக்கு சொல்லும் விலை, நாளையும் இதே விலைதான் என்று ஒன்றும் யோசிக்காமல் சொல்லும் விலை. மறுநாள் எது கிட்டே வந்தது என்று டிக் போடுங்கள். அறுபது நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். என் நோட்டில் முதல் அறுபது நாளில் 'இதே விலைதான்' என்ற பக்கம்தான் ஜெயித்தது. இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது. ஷீட்டை எப்போது விற்பது என்று அப்பா மறுபடி என்னிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறார். நான் நோட்டைப் பிரித்து இரண்டு எண்ணையும் காட்டுகிறேன், முடிவை அவர் எடுக்கிறார்.